கனகாம்பரம் தலைக்கு மட்டும்தானா? தொட்டிச்செடிப் பட்டியல் போடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

கடனும் மானியமும் கொடுக்கிற தொட்டிச்செடிப் பட்டியலில் கனகாம்பரத்தையும் சேருங்கள் என்று நான் கொடுத்த மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து வந்த அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. கனகாம்பரம் உதிரிப்பூப் பயிர், அதாவது காம்பில்லாமல் பறித்து மாலைக்கும் சரத்துக்கும் விற்கிற பூ, என்பதால் அதைத் தொட்டிச்செடிப் பட்டியலில் சேர்க்க வழியில்லையாம். கீழே கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல். பட்டியல் போடுகிற நீங்கள், அதை நம்பிக் கடன் கொடுக்கிறவர்கள், அந்தக் கடனில் கன்று வாங்கி விற்கப் பார்க்கிற எங்கள் பக்கத்துப் பெண்கள், எல்லோரும் படிக்கட்டும்.

முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில் சாலையோரமாக ஒரு சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். 18 வருஷம் ஆகிறது. ஒரு நிழல்வலைக் கொட்டகை, உப்புத் தண்ணீர் வருகிற ஒரு போர், ஒரு தண்ணீர்த் தொட்டி. கொய்யா, மாதுளை, கறிவேப்பிலைக் கன்றுதான் அதிகம் போகும். பூச்செடி கேட்டு வருகிறவர்கள் கல்யாண வீட்டுக்கு நாலு நாள் முன்னாலோ, புது வீடு பால் காய்ச்சிய மறுநாளோ வருவார்கள். படித்தது பத்தாம் வகுப்பு. தோட்டக்கலையைக் கையேடு பார்த்தும் செடி செத்தும் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு திட்டம் வந்தது. பீடி சுற்றுகிற பெண்களுக்கு மாற்று வருமானம் தேட வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலை வெட்டுகிற, தூள் நிரப்புகிற பெண்களைப் பார்க்கலாம். அந்தத் தூளோடேயே இருந்து முதுகு வளைந்தவர்கள், இருமல் பிடித்தவர்கள். வீட்டு வாசலிலேயே வளர்த்து விற்கிற மாதிரி தொட்டிச்செடி என்றால் அவர்களுக்குப் பொருத்தம்தான் என்று நானும் நினைத்தேன்.

கடன் உண்டு, மானியமும் உண்டு. ஆனால் பட்டியலில் இருக்கிற செடிக்கு மட்டும். பூக்கும் செடிகள் என்ற தலைப்புக்குக் கீழே நாலு பெயர் இருந்தது. அந்தூரியம், பெட்டூனியா, ஜெர்பரா, பாயின்செட்டியா. அந்தூரியத்துக்குத் தாய்வீடு கொலம்பியா, ஈக்குவடார் பக்கத்து மழைக்காடு. பெட்டூனியா தென்னமெரிக்கா. ஜெர்பரா தென்னாப்பிரிக்கா. பாயின்செட்டியா மெக்சிகோ. வெளிநாட்டுச் செடி என்பதற்காக அவற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் ஊர் மாலைக்கடையில் குவிந்து கிடக்கிற கேந்திகூட (செண்டுமல்லி) மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். இந்த வெயிலில் நின்று பூத்துக் காட்டியது, நம் ஊர்ப் பூவாகிவிட்டது. என் கேள்வியெல்லாம் அந்த வெயிலைப் பற்றியதுதான்.

மே மாதம் பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி சாதாரணம். 40-ஐத் தொடுகிற நாளும் உண்டு. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஆனி, ஆடிக் காற்று. தென்காசிக்காரர்களுக்குச் சாரலோடு வருகிற அதே காற்றுதான். எங்களிடம் வந்து சேரும்போது ஈரத்தையெல்லாம் மலையிலேயே கொட்டிவிட்டு வெறும் வேகத்தோடு வரும். கொடியில் போட்ட சேலை அரைமணியில் காய்ந்து மொடமொடக்கும். அந்தூரியத்தின் பாடு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேரளத்து ஈரக்காற்றில் அது அழகாக வரும், பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அதை நிறுத்த வேண்டுமென்றால் புகைபோல நீர் தெளிக்கிற கருவியும் அடர்த்தியான நிழல்வலையும் வேண்டும். கடன் தொகையில் அதற்கெல்லாம் இடமில்லை.

என் நர்சரிக்கு வந்து போகிற குழுவில் 11 பேர் கடன் எடுத்தார்கள். 7 பேர் அந்தூரியம் வாங்கினார்கள். கன்று ஒன்று 140 ரூபாய், வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்கியது. வந்த அன்று பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. பதினைந்தாவது நாள் இலை நுனி கருகத் தொடங்கியது. ஆவணி பிறக்கும்போது அநேகமாக எல்லாம் போய்விட்டன. ஒரு மதினி மட்டும் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, நாளைக்கு நாலு தடவை தண்ணீர் தெளித்து, மூன்று செடியைக் காப்பாற்றினார். அந்த மூன்றையும் விற்க அவருக்கு மனசு வரவில்லை. தவணை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார், பீடி சுற்றி.

பெட்டூனியா எடுத்தவர்கள் கதை இன்னும் சுருக்கம். மார்கழி, தை வரைக்கும் பூத்தது, பங்குனியில் முடிந்தது. பாளையங்கோட்டையில் கோடை விடுமுறையில் நடந்த ஒரு கண்காட்சிக்கு மிச்சத்தைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் தொட்டிகளைத் துணி போட்டு மூடிவைக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நடந்த பிறகுதான் மனு எழுதினேன். கனகாம்பரத்தையும் சேருங்கள் என்று கேட்டேன். எதையும் நீக்கச் சொல்லவில்லை. நேரில் வந்து கேட்டபோது உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தலையில வைக்கிற பூம்மா அது. அதப் போய் யாரு ஹால்ல வைப்பாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் அம்மா 20 சென்டில் கனகாம்பரம் போட்டிருந்தாள். பூப் பறிக்கிற வேலைகளில் கனகாம்பரத்தைப் போல ஆளை ஏமாற்றுவது வேறில்லை. இருட்டோடு குனிந்தால் வெயில் ஏறுகிறவரைக்கும் பறிக்கலாம். பெட்டி நிறைந்த மாதிரி இருக்கும். தராசில் வைத்தால் தட்டு இறங்காது. ஒரு கிலோவுக்குச் சுமார் 15,000 பூ வேண்டும் என்று பிற்பாடு கையேட்டில் படித்தபோது, அம்மா ஏன் ராத்திரியில் விரலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தாள் என்று விளங்கியது. முகூர்த்த நாளில் விலை ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. அந்த மாதங்களில் செடியில் பூ சிவந்து நிற்கும், பறிக்க ஆள் போகாது.

அப்புறம் வாடல் வந்தது. நன்றாக நின்ற செடி ஒருநாள் காலையில் தலை தொங்கும். பிடுங்கினால் வேர் கறுத்துக் கிடக்கும். பக்கத்துச் செடி, அதற்கடுத்த செடி என்று பார் பாராகப் போகும். அம்மா கண்ணேறு என்று சொல்லி வரப்பில் சூடம் கொளுத்தினாள். அது நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேரைத் துளைத்துப் புண்ணாக்கும். புண் வழியாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணம் உள்ளே போகும். இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் கனகாம்பரம் தாங்காது. ஒரே நிலத்தில் வருஷா வருஷம் இதையே போட்டால் புழுவுக்கு நாமே இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரிதான். மூன்றாம் வருஷம் அம்மா செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு உளுந்து விதைத்தாள்.

ஆனால் திண்ணை ஓரத்தில், விளிம்பு உடைந்த ஒரு மண்தொட்டியில் எப்போதோ ஒரு குச்சி ஊன்றியிருந்தாள். வயல் அழிந்த பிறகும் அது 6 வருஷம் பூத்தது. திண்ணைக்கு மேலே ஓட்டுத் தாழ்வாரம், காலை வெயில் மட்டும் சாய்வாக வரும். பாத்திரம் அலசுகிற தண்ணீர்தான் அதற்குப் பாசனம். யாரும் அதைச் செடி என்று கவனித்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சுவாக்கில் நாலு பூ கிள்ளிக்கொண்டு போவார்கள். வயலில் செத்த செடி தொட்டியில் ஏன் சாகவில்லை? அந்தத் தொட்டி மண்ணில் நூற்புழு இல்லை, வேறு மாயம் எதுவும் இல்லை. இது எனக்கு மண்டையில் ஏற இருபது வருஷம் பிடித்தது. கனகாம்பரத்துக்கு வயலில் எமனாக நிற்கிற நோயைத் தொட்டியில் சுத்தமான மண்கலவை போட்டே தள்ளிவைத்துவிடலாம். செம்மண், கழுவின நார்க்கழிவு, மக்கிய தொழுஉரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. பழைய கனகாம்பர வயல் மண்ணை மட்டும் கூடை அளவுகூடச் சேர்க்கக் கூடாது.

சரி, ஹாலில் யார் வைப்பார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம், 12 தொட்டி தயார் செய்து 12 இடத்தில் சும்மா கொடுத்தேன். ஒரு தையற்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு பல் டாக்டர் காத்திருப்பு அறை, பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருக்கிற என் சின்னம்மா மகள், ஒரு ரிட்டயர்டு டீச்சர், இப்படி. மூன்றே நிபந்தனைதான்: கிழக்கு அல்லது வடக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் வைக்க வேண்டும், மண் மேலே காய்ந்தால் தண்ணீர் விட வேண்டும், பூ முடிந்த கதிரைக் கிள்ளிவிட வேண்டும். கோடை முழுக்க விட்டுவிட்டு ஆவணியில் போய்ப் பார்த்தேன். 9 உயிரோடு இருந்தன. இரண்டு அளவுக்கு மீறின தண்ணீரில் அழுகிப் போயின. ஒன்றை ஆடு தின்றுவிட்டது (அது தையற்கடைத் தொட்டி. ஆடு அந்தக் கடைக்காரருடையதுதான்).

ஒன்பதில் ஏழு நன்றாகப் பூத்திருந்தன. மற்ற இரண்டும் இலை மட்டும் கரும்பச்சையாகத் தள்ளி, பூவே இல்லாமல் நின்றன. ஒன்று மருந்துக்கடை அலமாரிக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. இன்னொன்று திரைச்சீலைக்குள். இதை மறைக்காமல் எழுதுகிறேன். கனகாம்பரம் இருட்டு மூலையில் பூக்காது. வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் நேராகப் படாத வெளிச்சம். நம் ஊர் வீடுகளில் அதற்குப் பஞ்சமா என்ன? தாழ்வாரம், பால்கனி, ஜன்னல் திட்டு, மாடிப்படி முனை எல்லாம் அதற்கு ஏற்ற இடம்தான்.

அந்த டீச்சர் சொன்னதை எழுத வேண்டும். "இத்தன வருஷம் தலையில வச்சேன், ஒருநாளும் பூவ உத்துப் பாத்ததில்ல" என்றார். உண்மைதான், சரமாகக் கட்டிவிட்டால் கனகாம்பரம் நிறம் மட்டும்தான். செடியில் பார்த்தால்தான் அதன் அமைப்புத் தெரியும். பச்சைக் கதிரில் செதில் செதிலாக அடுக்கு, ஒவ்வொரு செதிலுக்குள்ளிருந்தும் மெல்லிய குழல், குழலின் நுனியில் விசிறி விரித்த மாதிரி இதழ். மேல் பக்கம் இதழே இல்லாமல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பூ கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக விரியும். அதனால்தான் வயலில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். பறிக்காமல் விட்டால் ஒரே கதிர் இரண்டு மூன்று வாரம் நிறம் காட்டும், அது ஓய்வதற்குள் பக்கத்துக் கதிர் தொடங்கிவிடும். நம் பக்கத்தில் பெரிய குளிர் கிடையாது என்பதால் ஏறக்குறைய வருஷம் பூரா பூ. வாசனை கிடையாது, அது குறைதான். ஆனால் பல் டாக்டர் அதையே வசதி என்றார். மல்லிகை வாசத்துக்குத் தலைவலி வருகிற நோயாளிகள் இருக்கிறார்களாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தூரியத்தின் இலையைக் குழந்தை கடித்தால் வாய் எரியும், அதன் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் என்ற படிகம் இருக்கிறது. பாயின்செட்டியாவின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கனகாம்பரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தலையில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம். வீட்டுக்குள் வைக்க இதைவிட நம்பிக்கையான செடி எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நாம்தான் இதைத் தொட்டியில் பார்க்கவில்லை, மற்றவர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தானாகவே வளர்கிற இந்தச் செடியை, குளிர் தாங்காத இந்தச் செடியை, ஐரோப்பாவில் சூடு போட்ட வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து வளர்க்கிறார்கள். அங்கேயே இதிலிருந்து ஒரு குட்டை ரகத்தைத் தேர்ந்தெடுத்து மோனா வால்ஹெட் என்று பெயர் வைத்தார்கள். ஒன்றரை அடிக்குள் அடங்கும், இலை அடர்த்தி, பூ இளஞ்செம்மஞ்சள். கனகாம்பரம் அங்கே வீட்டுச்செடியாகப் பரவ அந்த ரகம்தான் பெரிய காரணம். பனி பெய்கிற ஊரில் கனகாம்பரம் தொட்டிச்செடி, வெயில் காய்கிற ஆலங்குளத்தில் அது தொட்டிச்செடி இல்லை என்றால், நான் யாரிடம் போய்ச் சிரிப்பது?

உதிரிப்பூ, கொய்மலர், தொட்டிச்செடி என்று நீங்கள் பிரிப்பது வேலை வசதிக்கு. அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மூன்றும் பூவை நாம் என்ன செய்கிறோம் என்பதை வைத்துப் போட்ட பிரிவுகள். செவ்வந்தி உதிரியாக மாலைக்குப் போகிறது, காம்போடு பூங்கொத்துக்குப் போகிறது, தொட்டியிலும் விற்கிறது. ரோஜாவும் அப்படியே. அவற்றுக்குக் கிடைத்த சலுகை கனகாம்பரத்துக்கு ஏன் இல்லை? எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். இது ஏழைப் பெண்கள் தலையில் வைக்கிற மலிவான பூ என்ற நினைப்பு எங்கோ அடியில் கிடக்கிறது. ஹாலுக்கு வருவதென்றால் வேனில் வர வேண்டும், பெயர் வாயில் நுழையக் கூடாது.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு பக்கத்து ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா, அர்கா ஸ்ரீயா என்று கனகாம்பரத்தில் ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் என் கைக்கு வந்த கையேடு ஒவ்வொன்றும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது: பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30, எக்டேருக்கு இத்தனை கிலோ. தொட்டி என்ற சொல்லே இல்லை. எத்தனை அங்குலத் தொட்டி, எத்தனாவது கணுவில் நுனி கிள்ள வேண்டும், உப்புத் தண்ணீருக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் நான் செடியைக் கொன்று கொன்றுதான் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்ததை இலவசமாகவே சொல்கிறேன். சாதாரணக் கனகாம்பரம் விட்டால் மூன்றடி போகும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும், கிளைத்த பிறகு இன்னொரு தடவை. அப்போது எட்டு அங்குலத் தொட்டிக்குள் குடை மாதிரி நிற்கும். டெல்லி கனகாம்பரம் என்கிற ஆழ்ந்த ஆரஞ்சு ரகத்துக்கு இலை அகலம், பூ பெரிது, ஆனால் காய் பிடிக்காது. அது மும்மடியச் செடி, அதாவது குரோமோசோம் மூன்று தொகுதி. குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். பெண்கள் குழுவுக்கு இது பெரிய நன்மை. விதை வாங்க யார் வாசலிலும் நிற்க வேண்டாம், பத்துத் தாய்ச்செடி இருந்தால் போதும். எங்கள் போர் தண்ணீரில் இலை மஞ்சளாகும், மழைத்தண்ணீரோ தாமிரவருணித் தண்ணீரோ வாரம் ஒருமுறை நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிட்டால் தேறும். மாவுப்பூச்சி வரும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

விதை பிடிக்கிற ரகங்களில் ஒரு வேடிக்கை உண்டு. காய்ந்த கதிரில் ஈரம் பட்டால் காய் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பட்டாசுப் பூ என்றே பெயர். சின்ன வயதில் எச்சில் தொட்டு முன்பெஞ்சுப் பிள்ளை கழுத்தில் போடுவோம். இப்போது காய்ந்த கதிரைச் சட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து, வெள்ளைத்துணியால் வாயைக் கட்டிவிடுகிறேன். உள்ளே தூறல் விழுகிற சத்தம் கேட்கும். ஓய்ந்த பிறகு துணியை அவிழ்த்தால் விதை. ஒரு காய்க்கு நாலுக்கு மேல் இருக்காது, அதனால் ஒன்றுகூடச் சிதறவிடக் கூடாது. ஒரு தொட்டியோடு நாலு காய்ந்த கதிரையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பொட்டலத்துக்காகவே வாங்கினார்கள்.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கோப்பு நகராது என்று தெரியும். பிளாஸ்டிக் தொட்டியில் எனக்கு ஒரு செடிக்கு 38 ரூபாய் செலவானது, குச்சி ஊன்றியதிலிருந்து பூவோடு விற்கிற வரை மூன்றரை மாதம். விற்றது 90. பிறகு காருக்குறிச்சி மண்தொட்டியில் மாற்றினேன். செலவு 65 ஆனது, 150-க்குப் போயிற்று. அந்த ஊர் வேளார்கள் சட்டி பானை செய்கிற அதே கையால் சின்னத் தொட்டியும் வனைந்து தருகிறார்கள், வேர் சூடேறாமல் இருக்க மண்தொட்டிதான் நல்லதும்கூட. போன தீபாவளி முதல் பொங்கல் வரை 214 தொட்டி விற்றேன், பெரும்பாலும் பாளையங்கோட்டை மாடி வீடுகளுக்கு. பெரிய வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். கடனில்லாமல், மானியமில்லாமல், ஒருத்தி செய்தது இது.

அதனால் நான் கேட்பது இவைதான்.

வரும் ஆண்டுப் பட்டியலில் பூக்கும் தொட்டிச்செடிகள் என்ற தலைப்புக்குக் கீழே கனகாம்பரத்தைச் சேருங்கள். உதிரிப்பூப் பட்டியலிலும் அது இருக்கட்டும். இரண்டு இடத்தில் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தூரியத்திலும் பெட்டூனியாவிலும் இழந்த பெண்களின் கடனை ஓராண்டுக்காவது நிறுத்திவையுங்கள். அந்தச் செடிகளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பட்டியல் தேர்ந்தெடுத்தது. மாற்றுச் செடியாகக் கனகாம்பரக் குச்சி எடுக்க விரும்புகிறவர்களுக்கு என் தாய்ச்செடிகளிலிருந்து முதல் 500 குச்சியைக் காசில்லாமல் தருகிறேன். அதை எழுத்தில் தரவும் தயார்.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி பழைய நெல்லைச் சீமைக்குள்தான் இருக்கிறது. தொட்டிக்கு ஏற்ற குட்டைக் கனகாம்பரம் தேர்ந்தெடுக்கிற ஒரு சோதனையை அங்கே தொடங்கச் சொல்லிப் பரிந்துரை செய்யுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று பெயரில்லாத வகைகள் எத்தனையோ நிற்கின்றன. வீடு வீடாகப் போய்ச் சேகரித்துத் தர எங்கள் குழுப் பெண்கள் போதும், பேருந்துச் செலவு கொடுத்தால் சரி. பெரிய ஆராய்ச்சி முடிகிறவரை காத்திருக்காமல், நாலு பக்கத்தில் தமிழில் ஒரு தொட்டி வளர்ப்புக் குறிப்பு மட்டும் முதலில் அச்சிடுங்கள்.

கடைசியாக, பட்டியல் போடுகிற கூட்டத்தில் ஒரு நாற்காலி. எந்தச் செடி எந்த மாதம் எங்கே சாகும் என்று தெரிந்த, சொந்த நர்சரி வைத்திருக்கிற ஒருவர் அதில் உட்கார வேண்டும். நானாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

புதிய பட்டியல் ஏப்ரலுக்கு முன்னால் மேலே போய்விடும் என்று உங்கள் அலுவலகத்திலேயே சொன்னார்கள். அதனால் மார்ச் முதல் வாரத்துக்குள் பதில் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். அதற்கு முன்னால் வருகிற திங்கட்கிழமை மனுநாளில் இரண்டு தொட்டி கொண்டுவந்து உங்கள் வரவேற்பு மேசையில் வைக்கிறேன். ஜன்னல் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
முக்கூடல் சாலை நர்சரிக்காரி